பிடி அரிசியும் பெருந்திரையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு நகரத்தின் தேவாலயங்களுக்குச் சென்று வருவோருக்கு இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, இந்நகரத்தின் பன்மொழிச் சிறப்பு. சிவாஜிநகரில் உள்ள தூய மரியன்னை பசிலிக்காவில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வழிபாடு நடைபெறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே நிகழும் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரளாக வருகின்றனர். மற்றொன்று, காலத்தின் மாறுதல். பல ஆலயங்களில் பாட்டுப் புத்தகம் கையில் ஏந்துவோர் குறைந்துவிட்டனர். பாட்டின் அடிகள் சுவரில் தொங்கும் பெருந்திரையில் ஒளிர்கின்றன. ஆர்மோனியம் இருந்த இடத்தில் மின்விசைப்பலகையும் முரசுத் தொகுதியும் முழங்குகின்றன. காணிக்கைப் பை வரிசை வரிசையாக வருவதற்குப் பதிலாக, தூணில் ஒட்டிய கியூஆர் அட்டையைக் கைப்பேசியில் காட்டிப் பணம் செலுத்துவோர் பெருகியுள்ளனர்.

இவற்றைக் குறைகூறுவதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாக ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்தபோது, எம் அன்னையார் சிறிய கைப்பேசித் திரையின் முன் தலையில் முக்காடிட்டு அமர்ந்து ஆராதனையிற் கலந்துகொண்டதை நாம் கண்டோம். ஆறுதல் எவ்வழியாக வந்தால் என்ன? பார்வை மங்கிய முதியோருக்குச் சிறிய எழுத்துப் புத்தகத்தைவிடத் திரையின் பெரிய எழுத்து நன்மையே செய்கிறது. ஆகவே புதுமை வேறு, தீமை வேறு. ஆனால் புதுமை ஒன்று நம் வீட்டுக்குள் வரும்போது, பழையது எதுவோ ஓசையின்றி வெளியேறிவிடுகிறது. அவ்வாறு எம் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு மண் கலயத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

எம் அன்னையார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். அவர் பிறந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சோறு சமைக்க அரிசியை அளந்தவுடன், அதைக் களைவதற்கு முன்னர், ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவார்கள். மாத இறுதியில் அவ்வரிசி ஆலயத்துக்குச் செல்லும்; அங்கிருந்து ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் பயன்படும். இதற்குப் பிடி அரிசி என்று பெயர். பணம் காணாத குடியானவர் வீடுகளிலும் அரிசிப் பானை இருந்தது. எனவே கொடுக்க இயலாதவர் என்று எவரும் இல்லை.

அச்சீமையின் கிறிஸ்தவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழக் கற்றவர்கள். 1903-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம், அயல்நாட்டுப் பணத்தை நம்பாமல் நம்மவர் காணிக்கையைக் கொண்டும் நம்மவர் உழைப்பைக் கொண்டும் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. அச்சங்கத்தை நிறுவியவர்களுள் தலைசிறந்தவர் வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. ச. அசரியா அவர்கள். அவர் 1909-இல் தாமே அங்குச் சென்று, தெலுங்கு கற்று, 1912-இல் தோர்ணக்கல் பேராயராக உயர்ந்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பிடி அரிசி நம் நாட்டில் ஓரிடத்துக்கோ ஒரு சமயத்துக்கோ உரிய வழக்கமும் அன்று. வடகிழக்கே மிசோரத்தில் 1910-ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவப் பெண்கள் இதே முறையைத் தொடங்கினர். ‘புஃபாய் தாம்’ என்று அவர்கள் மொழியில் அதனை அழைக்கின்றனர். சமைக்குந்தோறும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, அதைச் சேர்த்து விற்று, ஊழியத்துக்குக் கொடுக்கின்றனர். அச்சிறு மாநிலத்தில் இவ்வாறு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய் சேர்கிறது. நம் தமிழகத்திலே காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் (1894–1994) பிடி அரிசித் திட்டத்தை மக்களிடையே வற்புறுத்தினார். நல்ல வழக்கம் எந்த வீட்டு அடுக்களையிலும் இடம் பெறும்.

எம் அன்னையார் பெங்களூருக்கு எம்முடன் வாழ வந்தபோது அக்கலயமும் உடன் வந்தது. சில ஆண்டுகள் மாதந்தோறும் அரிசியை ஆலயத்துக்குக் கொண்டுசென்றோம். பின்னர் ஒரு நாள், “அரிசியை வைக்க இங்கே இடமில்லை, எலித்தொல்லையும் இருக்கிறது. பணமாகக் கொடுத்துவிடுங்களேன்” என்று அங்குப் பொறுப்பிலிருந்தவர் பணிவாகவே கூறினார். அவர் கூறியதில் தவறில்லை. தவறு நம்மிடத்தில் நேர்ந்தது. வீட்டுக்கு வந்தவுடன், “அம்மா, இனிக் கலயம் வேண்டாம். கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம், ஒரு நொடி வேலை” என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துப் பரண்மேல் வைத்துவிட்டார். ஒரு சிறந்த சீர்திருத்தம் செய்துவிட்டதாக நாம் மகிழ்ந்திருந்தோம்.

அதன்பின் ஓராண்டு சென்றது. ஞாயிறு பள்ளியில் எம் மகனுக்குச் சாறிபாத் ஊர் விதவையின் கதையைக் கற்பித்தார்கள். பஞ்ச காலத்தில் பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் சிறிது எண்ணெயுமே எஞ்சியிருந்த ஓர் ஏழைப் பெண்ணிடம் எலியா தீர்க்கதரிசி அப்பம் கேட்டதும், அவள் தனக்கும் தன் மகனுக்கும் முன்னே அவருக்குக் கொடுத்ததும், பஞ்சம் தீருமட்டும் அவள் பானை ஒழியாமலிருந்ததும் நாம் அறிந்ததே. கதை முடிந்தபின் ஆசிரியை, “உங்கள் வீட்டில் எப்படிக் கொடுக்கிறீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்று கேட்டாராம். எம் மகன் வாய் திறவாமல் நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து எம்மைக் கேட்டான்: “அப்பா, நாம் ஆண்டவருக்குக் கொடுக்கிறோமா? நான் பார்த்ததே இல்லையே!”

“கொடுக்கிறோம், தம்பி” என்று உடனே சொன்னோம். சொல்லிவிட்டோமேயன்றி நெஞ்சு அமைதியடையவில்லை.

நாம் இரயில்வேயில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர். கணக்கோடு வாழ்பவர். அன்றிரவு கைப்பேசியை எடுத்து ஓராண்டுக் கணக்கைப் பார்த்தோம். 2016-இல் நம் நாட்டில் தொடங்கிய யூபிஐ முறையில் ஒரு நன்மை உண்டு. நாம் மறந்தாலும் அது மறவாது. பன்னிரண்டு மாதங்களில் நாம் காணிக்கை அனுப்பியது நான்கு முறை. மொத்தம் 900 ரூபாய். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று, மற்ற இரண்டும் போதகர் நேரிற் கண்டு நினைவூட்டிய நாட்களில்!

மறுநாள் அன்னையாரை ஒரு பிடி அரிசி எடுக்கச் சொல்லி, அதை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 40 கிராம் இருந்தது. மதியமும் இரவும் ஒவ்வொரு பிடியாக நாளொன்றுக்கு 80 கிராம். ஓராண்டுக்கு 29 கிலோவுக்குச் சற்று மேல். கிலோ 50 ரூபாயென்று கொண்டால் 1,460 ரூபாய். வருவாய் ஏதுமற்ற மூதாட்டியின் கைப்பிடி, மாதச் சம்பளம் வாங்கும் மகனுடைய கைப்பேசியை வென்றுவிட்டது.

ஆயினும் எம்மை வருத்தியது பணக் குறைவு அன்று. அவர் ஆண்டுக்கு 730 முறை கொடுத்தார். நாம் நான்கு முறை கொடுத்தோம். அவர் கொடுத்ததைச் சிறுவனுடைய கண்கள் கண்டிருக்கக் கூடும். நாம் கொடுத்ததை எவரும் காணவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்ற போதனையை எடுத்துக்காட்டி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது ஊரார் மெச்சக் கொடுப்பதைத் தடுக்கும் போதனை. பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கக் கற்பிப்பதைத் தடுப்பதன்று. மேலும் எம் வலக்கை கொடுக்காமலிருந்ததையன்றோ இடக்கை அறியாமற் போயிற்று!

எம் அலுவலில் ஒரு விதி உண்டு. பணியேற்றுச் சாளரத்தில் அமர்வதற்கு முன்னர், எழுத்தர் தம் சட்டைப்பையில் உள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். தம்முடையது எது, இரயில்வேக்கு உரியது எது என்பது முதலிலேயே பிரிந்துவிடுகிறது. பணி முடிந்ததும் விற்ற சீட்டுக்கும் பெற்ற பணத்துக்கும் கணக்கு ஒத்துவர வேண்டும். குறைந்தால் எம் கையிலிருந்து கட்ட வேண்டும்; மிகுந்தால் அதையும் செலுத்திவிட வேண்டும். “மாதக் கடைசியில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. எத்தனையோ ஆண்டுகளாக இவ்விதியைக் கைக்கொண்டு வந்த நமக்கு, அடுக்களையில் அன்னையார் செய்துவந்ததும் இதுவே என்பது தோன்றவில்லை. அரிசியைக் களைவதற்கு முன்னரே அவர் பிடியைப் பிரித்துவிடுகிறார். உண்டு மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. அவருடைய கணக்கு நாள்தோறும் முடிந்தது. நம்முடைய கணக்கு நல்ல எண்ணமாகவே நிலுவையில் நின்றது.

பரண்மேலிருந்த கலயத்தை நாமே இறக்கினோம். அன்னையார் ஒன்றும் கேட்கவில்லை. துடைத்து அடுப்பருகே வைத்தார். இரவுப் பிடி இடும் பொறுப்பை எம் மகன் ஏற்றுக்கொண்டான். முதல் நாளே அவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. “ஆச்சி, என் கை சின்னது. நான் இரண்டு பிடி போடவேண்டுமா?” என்றான்.

“வேண்டாம் ஐயா. உன் கைக்கு உன் பிடி. கை வளரும்போது பிடியும் வளரும்” என்றார் அவர்.

இயேசு பெருமான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, இரண்டு காசு இட்ட ஏழை விதவையை மற்றெல்லாரினும் மிகுதியாகக் கொடுத்தவளென்று பாராட்டியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். ஆச்சியின் அச்சிறு விடையில் அதன் பொருள் எமக்கு விளங்கியதுபோல் முன்னர் விளங்கியதில்லை.

கலயம் நிறைந்தபோது, அரிசியை என்ன செய்வதென்ற பழைய வினா மீண்டும் வந்தது. போதகரிடம் சென்று கேட்டோம். அவர் சற்று நினைத்துவிட்டு, “ஆலயத்துக்கு ஏன் கொண்டுவருகிறீர்கள்? உங்கள் தெருவில் அரிசி தேவைப்படுவோர் யாரென்று உங்களுக்குத் தெரியாதா?” என்றார். உண்மையில் நமக்குத் தெரியாது. தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. எம் தெருக்கோடியில் அடுக்குமாடி வீடொன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே தகரக் கொட்டகையில் இராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. கணவனுக்குக் காலில் அடிபட்டு வேலை நின்றிருந்தது. நாள்தோறும் அவ்வழியே நிலையத்துக்குச் சென்று வரும் நாம் அதை அறிந்திருக்கவில்லை.

எமக்குக் கன்னடம் தட்டுத் தடுமாறியே வரும். எம் மகன்தான் பேசினான். அந்த அம்மாள் முதலில் தயங்கினார், “என்ன விலை?” என்று கேட்டார். “விலை இல்லை, எங்கள் வீட்டு ஆச்சி தினமும் எடுத்து வைப்பது” என்று அவன் கன்னடத்தில் விளக்கியபின் பெற்றுக்கொண்டார். மூன்று மாதம் இவ்வாறு நடந்தது. கணவன் தேறினான், கட்டட வேலையும் முடிந்தது. ஊர் திரும்புமுன் அந்த அம்மாள் எம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். ஆச்சிக்கென்று அடுக்காகச் சோள ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தார். பற்கள் பல இழந்த எம் அன்னையார் அதை இரசத்தில் நனைத்து நனைத்து உண்டு, “நல்ல கைப்பக்குவம்” என்று மெச்சினார்.

அன்று நாம் எண்ணிப் பார்த்தோம். 1864-ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருத் தண்டுப் பகுதிக்கு இருப்புப்பாதை போடப்பட்ட நாள்தொட்டு, மூட்டை முடிச்சுடன் இந்நகரத்தில் வந்து இறங்கிய தமிழர் எத்தனை பேர்! அவர்களுக்கும் எவரோ ஒருவர் முதல் வேளைச் சோற்றை இட்டிருப்பார். இன்று நாம் ஊன்றிவிட்டோம். இப்போது மூட்டையுடன் வந்து இறங்குகிறவர் வேறு மொழி பேசுகிறவர். பழைய கடனை நாம் தீர்க்கவேண்டிய இடம் அதுவே.

பெருந்திரை எம் ஆலயத்தில் இன்றும் ஒளிர்கிறது. அதைப் பார்த்தே நாமும் பாடுகிறோம். கைப்பேசியில் காணிக்கை அனுப்புவதையும் நாம் விடவில்லை. சம்பள நாளன்று முதல் செலவாக அதைச் செய்துவிடுகிறோம். இரண்டுக்கும் வீட்டில் இடமிருக்கிறது. ஆனால் விசுவாசம் என்பது வாரத்தில் ஒரு நாள் திரையில் ஓடும் எழுத்தாக மட்டும் இருந்தால், திரை அணைந்தவுடன் அதுவும் மறைந்துவிடும். நாள்தோறும் கை செய்யும் சிறு செயலாக அது வீட்டுக்குள் நுழைந்தாலன்றிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. பெற்றோர் நெஞ்சில் உள்ள பக்தியைப் பிள்ளைகள் காண்பதில்லை; பெற்றோரின் கைகளையே அவர்கள் காண்கிறார்கள்.

வாசக அன்பர்களே, நீங்கள் எச்சமயத்தவராயினும் உங்கள் வீட்டிலும் ஓர் அடுப்பு இருக்கிறது. அரிசிப் பானையும் இருக்கிறது. உங்கள் தாய் தந்தையர் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல வழக்கம் ஏதேனும் பரண்மேல் கவிழ்ந்து கிடக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். இருந்தால் இறக்கித் துடையுங்கள். முதற் பிடியை வீட்டிலுள்ள சிறுவர் கையால் இடச் செய்யுங்கள்.