தசையின் தளர்ச்சி

நீர் நிறைந்த செம்பு ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்து நிற்பவன் முதலில் அதனை ஒரு சுமையாகவே கருதான். சிறிது நேரம் சென்றதும் தோள் கனக்கிறது, கை நடுங்குகிறது, நீர் தளும்புகிறது. செம்பின் எடை கூடவில்லை. அங்ஙனமாயின் மாறியது யாது?

தசை என்பது பல்லாயிரம் நார்களின் தொகுதி. அந்நார்கள் தாமாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்தில் உள்ள நரம்பணு ஒவ்வொன்றும் நீண்ட இழை ஒன்றை விடுகிறது. அவ்விழை தசையை அடைந்து, பலவாகக் கிளைத்து, நார்கள் சிலவற்றோடு இணைகிறது. ஒரு நரம்பணுவும் அதன் ஆணைக்கு அடங்கிய நார்களும் சேர்ந்ததே இயக்க அலகு. இப்பெயரை 1925ஆம் ஆண்டில் லிடெல், ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் வழங்கினர். விழியை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து நார்களே அமையலாம். கெண்டைக்கால் தசையிலோ ஆயிரத்திற்கு மேலும் உண்டு. விழி நுட்பமாக அசைவதும், கால் வலிமையோடு உந்துவதும் இதனாலன்றோ!

சிறு வேலைக்குச் சிறிய அலகுகளே முதலில் எழுகின்றன. வேலை பெருகப் பெருகப் பெரியவை துணைக்கு வருகின்றன. ஒவ்வோர் அலகும் நொடிக்குப் பலமுறை ஆணை பெறுகிறது. எனினும் எல்லாம் ஒரே கணத்தில் சுருங்குவதில்லை. ஒரே உரலில் இரு பெண்டிர் மாறி மாறி உலக்கை இடுவதுபோல, ஒன்று தளரும்போது மற்றொன்று இழுக்கிறது. உவமை முற்றும் பொருந்தாது. உலக்கையிடுவோர் ஒருவரையொருவர் நோக்கி முறை காப்பர். அலகுகளுக்கோ அத்தகைய முறை இல்லை. ஆயினும் அவை பலவாக இருப்பதால் இழுப்பு சீராகிறது.

களைப்பு இச்சீரைக் கெடுக்கிறது. நார்களுக்குள் கால்சியம் வெளிப்படுவது குறைகிறது; பாஸ்பேட் மிகுகிறது. லாக்டிக் அமிலமே முதற்காரணம் என நெடுங்காலம் கூறிவந்தனர்; அக்கருத்து இன்று வலுவிழந்துவிட்டது. ஒவ்வொரு நாரின் வலியும் குன்றவே, செம்பைத் தாங்கப் புதிய அலகுகள் அழைக்கப்படுகின்றன. அவை பெரியவை, விரைவில் சோர்பவை. அவற்றின் இழுப்பு முரடாகவும், சில வேளை ஒரே கணத்தில் நேர்வதாகவும் அமைவதால் கை நடுங்குகிறது.

சோர்வு தசையில் உள்ளதா, மூளையில் உள்ளதா? இத்தாலியின் டூரின் நகரில் வாழ்ந்த மோசோ, விரலால் எடையை மீண்டும் மீண்டும் தூக்கச் செய்து அளக்கும் கருவி அமைத்தார். அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. அவர்தம் துணைவர் மாஜியோரா, மாணவர்க்கு வாய்மொழித் தேர்வு நடத்திய பின்னர்த் தூக்கியது முன்னினும் குறைவாக இருந்தது. விரல் உழைக்கவில்லை; அறிவே உழைத்தது. 1954இல் இங்கிலாந்தில் மெர்ட்டன் என்பார் களைத்த கட்டைவிரல் தசையின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்; வலிமை கூடவில்லை. ஆகவே குறை தசையிலேயே என்றார். பிற்கால ஆய்வுகளிலோ அத்தகைய தூண்டுதல் சிறிது வலிமையைக் கூட்டியது. இரண்டிடத்தும் சோர்வு உண்டு என்பதே இன்றைய முடிவு.

ஓய்வு கொண்டால் பெருவலிமை சில நிமிடங்களில் பெரும்பாலும் மீளுகிறது. எழுதுதல் போன்ற நுண்பணிக்குரிய மெல்லிய இழுப்போ, கடும் உழைப்பிற்குப் பின் முற்றும் மீள ஒரு நாள்கூடச் செல்லும்.