தரிப்பிடக் கட்டணமும் குடியிருப்போர் உரிமையும்



பலாங்கொடையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து கடல் கடந்து சென்று உழைக்கும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களுள் ஒருத்தி இங்கிலாந்திலே ஒரு தொடர்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலை, அரிசி மூடையை இறக்குவதற்காகத் தன் காரை வாசலருகே ஐந்து நிமிடம் நிறுத்துகின்றாள். சில நாள்களில் ஒரு கடிதம் வருகின்றது. 100 பவுண் செலுத்துக. 14 நாள்களுள் செலுத்தினால் 60 பவுண் போதும் என்கின்றது அக்கடிதம். ஊருக்கு அனுப்புவதற்கென்று அவள் எடுத்து வைத்திருந்த பணம் அது. செய்தி கேட்டு, லயத்தில் இருக்கும் தாய் தந்தையரும் "பொலிஸ் வழக்கோ?" என்று கலங்குகின்றனர்.

கலங்குமுன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. தனியார் நிலத்திலே தனியார் கம்பனி கேட்கும் இப்பணம் அரசு விதிக்கும் அபராதம் அன்று. "எம் அறிவித்தல் பலகையில் எழுதியிருந்த நிபந்தனையை நீர் ஏற்றீர்; பின்னர் அதை மீறினீர்" என்று சொல்லும் ஒப்பந்தக் கோரிக்கையே அது. ஒரு காலத்தில் இத்தகைய கம்பனிகள் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் அதைத் தடுத்தது. எனினும், ஓட்டியவர் இன்னாரெனத் தெரியாதபோது, உரிய முறைப்படி அறிவித்தல் கொடுத்து, வாகனத்தைத் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருப்பவரிடம் பணம் கோரவும் அதே சட்டம் வழி செய்தது.

ஆகவே, கோரிக்கை நியாயமானதா என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கும். இதனை இரண்டு வழக்குகள் நன்கு விளக்குகின்றன.

செல்ம்ஸ்போர்ட் நகரிலே ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரம் இலவசமாக நிற்கலாம். ஒருவர் அதற்கு மேலும் 56 நிமிடம் நின்றார். 85 பவுண் கேட்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தது. பலகைகள் பெரியனவாகவும் தெளிவாகவும் இருந்தன. வருவோர்க்கெல்லாம் இடம் கிடைக்கும்படி ஒழுங்கு செய்வதிலே நியாயமான நலனும் இருந்தது.

அடுத்த ஆண்டு ஒக்ஸ்போர்ட் மாவட்ட நீதிமன்றத்திலே வேறொரு வழக்கு மேன்முறையீட்டுக்கு வந்தது. தொடர்மாடியில் வசித்த ஒரு பெண், வீட்டுத் தளபாடம் ஒன்றை இறக்குவதற்காக வாசலில் சில நிமிடம் காரை நிறுத்தியிருந்தார். பொருளை ஏற்றி இறக்க நிற்பது தரித்தல் ஆகாது என்று நீதிபதி சார்ள்ஸ் ஹரிஸ் தீர்த்தார். வாசல்வரை வந்து செல்லும் உரிமையை அப்பெண்ணின் குத்தகை உறுதியே அளித்திருந்தது. அவ்வுரிமையைப் பின்னர் நாட்டிய ஒரு பலகையால் பறிக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பு ஏனைய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் எடுத்துக்காட்டிப் பயன்பெறலாம்.

கடைக்கு வருபவரிடம் பலகையைத் தவிர வேறு பத்திரமில்லை. வீட்டில் குடியிருப்பவரிடம் உண்டு. வேறுபாடு இதுவே.

ஆதலால் நம் பெண் செய்ய வேண்டியது யாது? முதலாவது, தன் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் குத்தகை உறுதியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பலகை நின்ற இடத்தையும் அதன் எழுத்தின் அளவையும் படம் பிடிக்க வேண்டும். மூன்றாவது, 28 நாள்களுள் கம்பனிக்கு எழுத்து மூலம் மறுப்பை அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பனி மறுத்தால், அது சேர்ந்திருக்கும் சங்கத்துக்குரிய மேன்முறையீட்டு அமைப்பை நாடலாம். நான்காவது, நீதிமன்றத்திலிருந்து பத்திரம் வந்தால் ஒருபோதும் வாளாவிருத்தல் ஆகாது. 14 நாள்களுள் பதில் அனுப்புதல் வேண்டும். பதிலில்லையேல், நியாயம் எப்பக்கம் இருப்பினும் தீர்ப்பு அவளுக்கு எதிராகிவிடும். பின்னர் கடன் பெறுவதும் கடினமாகும்.

நம் நாட்டிலும் இத்தகைய சிறு தகராறுகள் எழக்கூடும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் அதற்கென்றே உள்ளன. குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் பலவற்றை அங்கே கொண்டு சென்ற பின்னரே நீதிமன்றம் ஏற்கும். சபை எவரையும் வற்புறுத்தாது. இருவரும் இணங்கினால் மட்டுமே தீர்வு.

ஒக்ஸ்போர்ட்டிலே வென்றது, பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஓர் உறுதியே. பலாங்கொடைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், குடியிருக்கும் லயக் காம்பராவுக்கு உறுதியொன்று கையில் இல்லாத குடும்பங்கள் இன்றும் பல. வாசலிலே ஒரு முச்சக்கர வண்டி நிற்கலாமா என்ற சிறு கேள்வியும், இறுதியில் அவ்வாசல் யாருடையது என்ற பெருங்கேள்வியிலே போய் முடிகின்றது. ஆகவே பணம் கேட்டு எவர் வரினும், "எந்த எழுத்தின்படி கேட்கின்றீர்கள்?" என்று பணிவோடு வினவுங்கள். உங்கள் கையில் இருக்க வேண்டிய எழுத்தையும் தளராது கேட்டுப் பெறுங்கள்.