கொலையைச் சொல்லும் நிலப் பத்திரம்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, ஏறத்தாழ கி.பி. 987. அடிப்படையில் அது ஒரு நிலப் பத்திரம்தான். ஊர்ச் சபை விற்ற நிலத்தை ஒருவர் வாங்கி, கோயிலில் சாப்பாடு போடும் தர்மத்துக்கு எழுதிவைக்கிறார். அந்த நிலம் சபையின் கைக்கு எப்படி வந்தது என்று விளக்கும்போதுதான் நம் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்களைக் கல் சொல்கிறது. அவர்களுடைய தம்பிமார், பிள்ளைகள், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார் என உறவு முறை ஒன்றுவிடாமல் எண்ணி, எல்லோருடைய உடைமையையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது அரச ஆணை. கொலையுண்டவன் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன்.

எங்கே கொன்றார்கள், எதற்காக, யார் தூண்டியது? கல்லில் ஒரு சொல்லும் இல்லை.

கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதத் தொடங்கியபோது, முதல் காட்சியை ஆடிப் பதினெட்டு அன்று வீராணம் ஏரிக்கரையில் வைத்தார். கதை அங்கே தொடங்குவதை ஏரியின் அழகுக்காக என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். பறிமுதல் ஆணையைப் பெற்ற வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை அந்த ஏரிக்கரை ஊரின் சபைதான். கொலையின் ஒரே நேரடிச் சாட்சி நிற்கும் மண்ணில்தான் கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரை முதல் அடி வைக்கிறது. ரவிதாசனும் சோமன் சாம்பவனும் பரமேச்சுவரனும் நாவலுக்குள் சதிகாரர்களாக நடமாடுகிறார்கள்.

இத்தகைய சாட்சி நாவலாசிரியரின் மேசைக்கு வந்த வழியே வியப்பானது. கல்வெட்டு அறிஞர்கள் முதலில் தூரிகையும் தண்ணீரும் கொண்டு கல்லைத் துப்புரவாகத் தேய்க்கிறார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, குச்சிமயிர்த் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்குகிறார்கள். ஈரம் காய்ந்துவரும்போது மைப்பொதியால் ஒற்றுகிறார்கள். மேடான பகுதி கறுக்கிறது, பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கிறது. இப்படி எடுத்த படியைத்தான் அறைக்குள் உட்கார்ந்து மாதக்கணக்கில் வாசிப்பார்கள். காலத்தைக் கணிப்பது இன்னும் நுட்பமான வேலை. கல்லில் ஆங்கில ஆண்டு கிடையாது. அரசனின் ஆட்சியாண்டும், சில சமயம் கிழமை, திதி, நட்சத்திரமும்தான் இருக்கும். அந்த வானியல் குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டு, ராஜராஜன் பட்டமேறியது 985ஆம் ஆண்டு ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் நிறுவினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு முடிசூட்டை ஒரு மாதக் கெடுவுக்குள் பிடித்துவிட்டார்கள்! இந்த உழைப்பின் மேல் நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவப் பண்டாரத்தாரும் சோழர் வரலாற்றை எழுதினார்கள். அந்த நூல்களின் மேல் கல்கி கதை எழுதினார்.

கதாநாயகனைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை கொடுத்த பொருள்களைப் பட்டியலிடும் கல்வெட்டு, அவளை ராஜராஜ தேவரின் அக்கன் என்றும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றும் குறிக்கிறது. அந்தப் பெயரிலிருந்துதான் துடுக்கும் பசியும் வாய்ச்சாலாக்கும் கொண்ட அந்த வாலிபன் பிறந்தான். குந்தவையின் கணவன் என்ற ஒரே செய்திக்குக் குறுக்கே கல்கி எதையும் போகவிடவில்லை.

ராஜராஜனின் தகப்பன் சுந்தர சோழனுக்குக் கல்வெட்டுகள் தரும் அடைமொழி, பொன்மாளிகைத் துஞ்சிய தேவர். பொன்மாளிகையில் இறந்தவர் என்று அதற்குப் பொருள். நாவலில் இது எப்படி உருமாறுகிறது? கால் முடங்கித் தஞ்சையில் கிடக்கும் தகப்பனுக்காக மூத்த மகன் காஞ்சியில் பொன்மாளிகை கட்டி, வந்து தங்கும்படி அழைக்கிறான். மகன் உயிரோடு இருந்தவரை தகப்பனால் போக முடியவில்லை. ஒரு மரணக் குறிப்பிலிருந்து மகனின் ஏக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார் கல்கி.

எனக்குப் பெரிதாகப் படுவது உத்தம சோழன் விஷயம். கொலை நடந்து 15 ஆண்டுக்கு மேல் கழித்தே பறிமுதல் ஆணை வருகிறது. இடையில் ஆண்டவன் உத்தமன். அதனால் அவனுக்குக் கொலையில் பங்கிருக்கும் என்று சாஸ்திரி சந்தேகப்பட்டார், பண்டாரத்தார் மறுத்தார். திருவாலங்காட்டுச் செப்பேடோ, சிற்றப்பன் அரியணையை விரும்பியதால் அருள்மொழி, அதாவது ராஜராஜன், தானாக விலகி நின்றதாகச் சொல்கிறது. உத்தமன் பதவி ஆசை பிடித்தவனா, அருள்மொழி மனம் உவந்து வழிவிடத் தக்க நல்லவனா? கல்கி ஒரு பெயரை இரண்டு ஆளாகப் பிரித்தார். அரியணைக்கு ஏங்கிய மதுராந்தகன் ஒருவன். பூக்கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் இன்னொருவன். கடைசியில் உத்தம சோழனாக முடிசூடுவது அமுதன். சான்றுகள் முரண்பட்ட இடத்தில் எந்தச் சான்றையும் பொய்யாக்காமல் கதையை நடத்திச் சென்ற இந்தத் திருப்பம், தமிழ் வரலாற்று நாவலில் நான் அறிந்த மிகத் துணிச்சலான தீர்வு.

கொலையாளி யார் என்பதை மட்டும் கல்கி கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. வாரா வாரம் மூன்றரை ஆண்டு காத்திருந்த வாசகர்களுக்கு ஒரு பெயரைக் கொடுத்திருக்கலாம். கல் சொல்லாததை அவரும் சொல்லவில்லை. அதற்குப் பதில், நாவலில் கொலை நடக்கும் இருட்டறையில் நின்ற ஒவ்வொருவருக்கும் கொல்ல ஒரு காரணத்தையும் அழ ஒரு காரணத்தையும் கொடுத்தார். நம் மனம் கனப்பது இதனால்தான். ஆதாரமில்லாத தீர்ப்பை வழங்கியிருந்தால் அது வெறும் துப்பறியும் கதையாக முடிந்திருக்கும்.

உணர்ச்சி கல்லில் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய கோயிலில் குந்தவை எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளில் இரண்டு, அவளுடைய தகப்பனுக்கும் தாய்க்கும் உரியவை. திருக்கோவலூர்க் கல்வெட்டு, ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி பால்குடி மாறாத குழந்தையைப் பிரிந்து கணவனோடு உயிர்விட்டதைப் பதிந்திருக்கிறது. நாவலாசிரியர் இவற்றை வாசிக்கும்போது புள்ளிவிவரமாக வாசிப்பதில்லை. அப்பாவை இழந்த மகளை வாசிக்கிறார்.

ஆனால் கல் இருந்தால்தான் வாசிக்க முடியும். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்தும், சுண்ணாம்பும் பெயின்ட்டும் பூசியும், புதுச் சுவருக்காகப் பழைய கல்லைப் புரட்டியும் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் வேலை நடந்தால் அதிட்டானம் எனும் அடித்தளத்தையும் சுவரையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தால் எண்ணெயோ மாவோ தடவாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.