பூநாரைக்கு ஏற்ற முதல் கேமரா

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டங்கள் வந்து இறங்கும் மாதங்களில், மேற்குக் கரையிலுள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவக் கிராமங்களின் இளைஞர்கள், செல்பேசியில் அவற்றைப் படமெடுக்க முயன்று, திரையில் வெண்புள்ளிகளை மட்டுமே கண்டு, நல்ல கேமரா ஒன்று வேண்டுமென்று ஆசை கொள்வது இயற்கையே. அவர்கள் கையிலுள்ள பணமோ சொற்பம். அதுவும் பெரும்பாலும் இறால் வருமானத்தில் மிச்சம் பிடித்ததாகவோ, கடன் வாங்கியதாகவோ இருக்கும். அதில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்பதே என் கவலை.

கடைக்குச் சென்றவுடன் புதிய டிஎஸ்எல்ஆர் பாடியையும், அதனுடன் சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸையும் வாங்கிவிடுவதே வழக்கமாக நடப்பது. நாலடி உயரத்துக்கு மேற்பட்ட பூநாரை ஒன்று நூறு மீட்டர் தூரத்தில் நிற்பதாகக் கொண்டால், கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் அதன் உருவம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கையும் எட்டாது, 300 மி.மீ. லென்ஸிலோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை நிரப்பும். பாடி எத்தனை உயர்ந்ததாயினும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே, பழைய பாடியை வாங்கி, மிச்சமாகும் பணத்தை 55-250 அல்லது 70-300 லென்ஸுக்குச் செலவிடுவதே சிலாக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு நம்மிடையே உத்தமமான முன்னுதாரணமும் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், வனவிலங்குகளைப் பற்றி எழுதியும் அவற்றைப் படமெடுத்தும் ஆயுளைச் செலவிட்டவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), ஒரு கம்பெனியின் பாடியோடு வேறொரு கம்பெனியின் லென்ஸைத் தாமே பொருத்தி, அந்தக் கனத்த கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டி, கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

பழைய கருவி வாங்குவோர் சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருத்தல் அவசியம். லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்த்தால், உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தால் மெல்லிய சிலந்தி வலைபோலத் தெரியும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிகானின் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், மோட்டார் உள்ள லென்ஸையே தேட வேண்டும். கேனனின் இஎஃப் லென்ஸ்களில் அந்தத் தொல்லை இல்லை. எதுவாயினும், பாடியில் மாட்டிச் சோதித்த பின்னரே பணம் கொடுங்கள்.

பின்னர் கொஞ்சம் பணம் சேர்ந்தால், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கலாம். விடியுமுன் வலை இழுக்கும் கைகளையும், ஏலத்துக்கு மீன் பிரிக்கும் பெண்களின் முகங்களையும் எடுக்க, கிட் லென்ஸைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும், விலையும் குறைவு. பறவைகளைப் படமெடுக்க வெளியூரிலிருந்து பலர் வருகிறார்கள். ஆனால் இம்மீனவ மக்களின் உழைப்பை உள்ளிருந்து பதிவு செய்ய இவ்வூர்ப் பிள்ளைகளைவிடத் தகுதி வாய்ந்தவர் யார்?

மேற்குக் கரையில் நிற்பவருக்குக் காலைச் சூரியன் எதிரே இருப்பதால் பறவைகள் நிழலுருவங்களாகிவிடும்; மாலையில்தான் வெயில் முதுகுப் பக்கமிருந்து விழுந்து, பூநாரை சிறகு விரிக்கையில் அதன் செந்நிறத்தையும் கருநிற ஓரத்தையும் துலக்கமாகக் காட்டும். பறப்பதை உறைய வைக்க வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். ஆனால் அதற்காகப் படகை விரட்டியோ கூச்சலிட்டோ கூட்டத்தை எழுப்புவது, இரை தேடும் ஜீவன்களுக்கு இழைக்கும் அநியாயம். உப்புக்காற்றில், படகில் வைத்து லென்ஸ் மாற்றுவதைத் தவிருங்கள்; வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

இன்று கேமரா உலகம் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டபடியால், சென்னையில் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் டிஎஸ்எல்ஆர்கள் உபயோகமின்றி, பூஞ்சைக்கு இரையாகும் நிலையில் கிடக்கின்றன. அவ்வாறு வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றை ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இலவசமாகவோ, இயன்ற குறைந்த விலைக்கோ கொடுத்துதவ வேண்டுகிறேன்.