ஐடிலில் உதறும் என்ஜின்: காற்று எங்கே கசியுது?

சிக்னல்ல நிற்கும்போது கார் உதறுது, ஆர்பிஎம் முள் மேலே கீழே ஆடுது, டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரியுது. ஆனா ஸ்பீடு எடுத்தா ஸ்மூத்தா ஓடுது. இப்படி இருந்தா முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று வேக்குவம் லீக். இன்னிக்கு அதைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு பார்க்கலாம். இது பெட்ரோல் கார்களுக்கு மட்டும். டீசல் கதை வேற.

முதலில், இந்த வேக்குவம் எங்கிருந்து வருது? பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கும். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைச்சுக்கிட்டு உறிஞ்சற மாதிரி. அதனால இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கிடும். ஒரு ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தா போதும், காற்று அது வழியா உள்ளே பாயும்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில், சென்சாரைத் தாண்டி நுழைஞ்ச காற்று கணக்கிலேயே வராது. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். உடனே ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். வரம்பைத் தாண்டினா பி0171 கோடு, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. இதுக்கு ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துறது, சர்வர் டவுன்னு அலெர்ட் வந்ததும் மானிட்டரிங் டூலைத் தூக்கிப் போடுற மாதிரி.

மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில், கசியும் காற்றும் கணக்கில் வந்துடும். அங்கே ஐடில் ஆர்பிஎம் ஏறி நிற்கிறதுதான் முக்கிய அறிகுறி.

சரி, டீபக் பண்ணலாம். ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை மாட்டி ஃப்யூவல் ட்ரிம் எண்களைப் பாருங்க. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ரெண்டையும் கூட்டுங்க. மாஸ் ஏர்ஃப்ளோ காரில் ஐடிலில் +20%, 2500 ஆர்பிஎம்மில் +4% மாதிரி இறங்கினா லீக்குக்கு வலுவான ஆதாரம். ஏன்னா ஐடிலில் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெருசு. ஆர்பிஎம் ஏறினா அந்தப் பங்கு சுருங்கிடும். மாறா, ஆர்பிஎம் ஏற ஏற எண்ணும் ஏறினா, ஃப்யூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்க.

அடுத்து இடத்தைக் கண்டுபிடிக்கணும். பிசிவி ஹோஸ், த்ராட்டிலுக்கு முன்னாடி இருக்கும் ரப்பர் குழாயின் மடிப்புகள், மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இதெல்லாம் வழக்கமான இடங்கள். டார்ச் அடிச்சுப் பாருங்க, 'உஸ்'ஸுன்னு சத்தம் வருதான்னு கேளுங்க. மெல்லிய ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்னா லேசா அழுத்திப் பிடிங்க. ஐடில் மாறினா அந்தக் கிளையில்தான் ஆள் இருக்கு. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்கணும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகவே கூடாது.

கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஆர்பிஎம் மாறுதான்னு பார்க்கிற பழக்கம் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும், வீட்டுல வேண்டாம். சுத்தமான வழி ஸ்மோக் டெஸ்ட்: என்ஜினை அணைச்சுட்டு, குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவாங்க. ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும். பார்ட்ஸ் மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

கடைசியா ஒன்னு, இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. பல பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டரும் இதே வேக்குவத்தை நம்பித்தான் இருக்கு. என்ஜினை அணைச்சு, பெடல் கெட்டியாகும் வரை நாலஞ்சு தடவை மிதிங்க. காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழே இறங்கணும். இறங்கலைன்னா வண்டியை ஓட்டிட்டுப் போகாதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.