கிழக்கின் கலைத்தடம் – 9: கிட்டங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு களரி

சென்ற வாரம் மத்தளம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நாவிதன்வெளியில் உயர்தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' எடுத்திருக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், நடிக்கப் பழகணும் எண்டா நான் எங்க போற?"

பாடத்திட்டத்தில் நாடகம் இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. பரதரின் ரசக் கோட்பாடும் கிரேக்க அரங்கின் அமைப்பும் அவளுக்கு மனப்பாடம். பழகுவதற்கு மட்டும் இடமில்லை. அவளுக்குச் சொல்லக்கூடிய முதல் பதில் மட்டக்களப்பு. அங்கே கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் அங்கே பட்டப்படிப்பு. பேராசிரியர் சி. மௌனகுரு ஓய்வுபெற்ற பின் அதே நகரில் அமைத்த அரங்க ஆய்வுகூடமும் உண்டு. பல்கலைக்கழகம் புகாத இளைஞர்களும் அங்கே உடலையும் குரலையும் பழக்கிக்கொண்டார்கள், மேடையேறினார்கள். ஆனால் கல்முனையிலிருந்தே மட்டக்களப்பு 40 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. நாவிதன்வெளிப் பிள்ளை அதற்கு முதல் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்கவேண்டும். மாரி மழை பிடித்து அது வெள்ளத்தில் மூழ்கினால் கல்முனைக்கே நேர்ப்பாதை இல்லை.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். பல்கலைக்கழகங்கள் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்து ஆட்கள் எங்கே பழகினார்கள்?

பெரும்போகம் வெட்டிச் சூடடித்து, நெல்லு வீட்டுக்கு வந்த பிறகு ஊரில் கூத்துப் பழகத் தொடங்குவார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை அழைப்பார்கள். ஊர்ப் பெரியவர்களோடு இருந்து அவர் ஆள் தெரிவுசெய்வார். குரல் எப்படி, நின்றால் எடுப்பாக இருக்கிறானா, இரவு முழுக்கத் தாங்குவானா என்றெல்லாம் பார்த்து, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கையில் கொடுப்பார்கள். சட்டம் கொடுத்தல் என்பது இதுதான். பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம் நடக்கும். முதலில் ஏறவேண்டியது தாளம். அண்ணாவியார் மத்தளத்தில் கைவைத்துச் சொற்கட்டைச் சொல்ல, பழகுபவர் அதை வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுக் காலில் போடுவார். தாளக்கட்டு, வீசாணம், எட்டு, பொடியடி என்று ஒவ்வொன்றாகக் கால் பிடித்துக்கொள்ளும். அரசனாக வருகிறவர் கரப்புடுப்பு என்ற வேட உடையின் பாரத்தோடு இவ்வளவையும் ஆடவேண்டும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கிட்ட நின்று பார்த்தால்தான் விளங்கும். ஆடுபவர் ஓரடியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்துக்குள் அவர் ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடிவர வேண்டும், மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த அடியைச் சரியான சுருதியில் எடுக்கவும் வேண்டும். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். முதுகு காட்டி ஒளிய இடமில்லை. மூச்சுப் பயிற்சி, குரல் வீச்சு, இடவுணர்வு என்று இன்றைய நடிகர் பயிற்சிக் கூடங்கள் தனித்தனி வகுப்பாக வைப்பவை எல்லாம் இங்கே ஒரே பாட்டுக்குள் கிடந்தன.

இடையில் கிழமைக் கூத்து வரும். பழகியவரை ஊருக்கு ஆடிக் காட்டுவார்கள். அதே பாத்திரத்தை முப்பது வருடத்துக்கு முன் ஆடிய கிழவர் ஒருவர் சாக்கில் குந்தியிருந்து, "அந்த இடத்தில் கால் பிந்துது" என்பார். பிறகு சதங்கை அணிதல். முழுக்கூத்தையும் வரிசையாக ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் விடிய விடிய அரங்கேற்றம். அரங்கேற்ற இரவில் வந்து குந்துகிற சனத்தில் பலர் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பார்த்தவர்கள். நடிகனோடு சேர்ந்து பார்ப்பவரும் பழகிய பள்ளிக்கூடம் அது. நம்முடைய இன்றைய பயிற்சிகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இந்த இரண்டாவது பகுதி இல்லாததுதான்.

பல்கலைக்கழகம் இந்தக் களரியைத் தேடி வந்த கதையும் இருக்கிறது. பேராதனையில் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். சிங்கள நாடகம ஆசான் ஒருவரை அம்பலாங்கொடையிலிருந்து அழைத்துவந்து மாணவரைப் பழக்கிய தயாரிப்பு அது. அந்த நாடகம மரபுக்கே வேர் தமிழ்க் கூத்து. அதே வளாகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை வரவழைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று வரிசையாக வந்தன. கிராமத்து ஆசான் ஒருவர் பல்கலைக்கழக மாணவருக்குக் குருவாக நின்றது சின்ன விஷயமல்ல. 'இராவணேசன்' எழுதிய மாணவர்தான் பின்னாளில் மட்டக்களப்பில் ஒரு தலைமுறைக்கு ஆசிரியரான மௌனகுரு. விடிய விடிய ஆடியது இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. கொழும்பும் யாழ்ப்பாணமும் கூத்தை மரியாதையோடு பார்க்கத் தொடங்கின.

யாழ்ப்பாணத்தில் வேறொரு வழி திறந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். களப்பயிற்சி என்ற சொல்லை நம் நாடகக்காரர் வாயில் பழக்கியதில் அந்தக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. விளையாட்டிலிருந்து நடிப்புக்குப் போகிற பயிற்சியும், 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகமும் பாடசாலைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. 2025 தை மாதம் அவர் காலமானபோது வடக்கிலும் கிழக்கிலும் அஞ்சலி செலுத்திய நாடக ஆசிரியர்களில் பலர் அவருடைய மாணவர்கள், அல்லது மாணவரின் மாணவர்கள்.

மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் 'மூன்றாவது கண்' குழு நண்பர்களோடு சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். கூத்தை எடுத்து நகர மேடைக்குக் கொண்டுபோகாமல், அதே ஊரில், அதே களரியில், ஆடுகிறவர்களோடும் அண்ணாவியாரோடும் குந்தியிருந்து பேசி, சாதி, பெண் பற்றிய வரிகளை அவர்களே மாற்றி எழுதிய முயற்சி அது. பேராதனை வழி பெரிதா சீலாமுனை வழி பெரிதா என்று கிழக்கில் நிறைய விவாதித்தாகிவிட்டது. மேடைக்குப் போன கூத்து கலைஞர்களை உருவாக்கியது, ஊரில் தங்கிய கூத்து ஊரையே வைத்துக்கொண்டது. ஒரு பயிற்சிக்கூடத்தை நாவிதன்வெளியில் நினைக்கும்போது நான் சீலாமுனைப் பக்கம்தான் சாய்கிறேன். இங்கே ஊர்கள் சிறியவை. பயிற்சி ஊரை விட்டு விலகினால் பிள்ளைகளும் விலகிப் போவார்கள்.

ஆனால் எந்த ஊர்? நாவிதன்வெளிப் பிரதேசம் ஒரே நிற ஊரல்ல. சொறிக்கல்முனையில் திருச்சிலுவை ஆலயம், அன்னமலையில் கோவில்கள், சவளக்கடையிலும் மத்தியமுகாமிலும் முஸ்லிம்களும் தமிழரும். கல்லோயாத் திட்டத்தோடு எண்ணிட்டுக் குடியேற்றிய கிராமங்களும் இதற்குள் அடக்கம். கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பொல்லடி ஆடுகிறார்கள். ஆடுபவர் வட்டமாக நின்று, பாட்டுக்கு ஏற்ப உள்ளும் வெளியும் மாறிமாறிப் பொல்லடித்து வருவார்கள். தாளம் ஏற ஏற ஒரு பொல்லுப் பிசகினால் அடுத்தவர் விரலில் விழும். அதைப் பழக்குகிறவரையும் அண்ணாவியார் என்றுதான் அழைக்கிறார்கள். கூத்து அண்ணாவியாரும் பொல்லடி அண்ணாவியாரும் கிழமைக்கு ஒருநாள் ஒரே தரையில் பழக்கினால், அரங்கியல் படிக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் எது? பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் 'மதங்கசூளாமணி'யில் செகசிற்பியாரின் (ஷேக்ஸ்பியரின்) நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் ஒரே நூலில் வைத்துத் தமிழ் நாடகத்துக்கு இலக்கணம் தேடினார். இரண்டு மரபை ஒரு தரையில் நிறுத்துவது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையோரத்துக்கு நாடகப் பட்டறைகள் நிறைய வந்தன. துயரப்பட்ட பிள்ளைகளைச் சிரிக்க வைத்தன. அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் இரண்டு நாள், மதியச் சாப்பாடு, கடைசியில் குழுப்படம், சான்றிதழ் என்ற அமைப்பு அப்படியே நிலைத்துவிட்டது. இரண்டு நாளில் ஒரு தாளக்கட்டே காலில் நிற்காது. நமக்கு வேண்டியது மாதக்கணக்கில் தொடர்கிற வகுப்பு. அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. வாய்க்கால் தண்ணீர் கிடைக்கும் வயல்களில் சிறுபோகமும் செய்கிறார்கள். அறுவடைக்குப் பின் நீண்ட ஓய்வு என்பது பல வீடுகளில் இல்லை. கூத்துப் பழகிய அந்த மாதங்களைச் சனி ஞாயிறுகளாகப் பிரித்து, பாடசாலைத் தவணைக்கேற்ப வருடம் முழுக்கப் பரப்பினால்தான் நடக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. ஊர்க்களரியில் ஆண்களே பெண் வேடமும் கட்டினார்கள். பல்கலைக்கழகக் களரி அந்தக் கதவைத் திறந்தது. இன்று வடமோடிக் கூத்து ஆடுகிற மாணவிகள் ஏராளம். ஊரில் அது நிலைக்கவேண்டுமானால் வகுப்பு வெளிச்சத்தோடு முடியவேண்டும், வீடு சேர்க்க ஓட்டோவுக்கு வழி இருக்கவேண்டும், தாய்மார் வந்து குந்தியிருந்து பார்க்க இடம் வேண்டும். அந்தத் தாய்மார்தான் கிழமைக் கூத்தின் சனமாகவும் இருப்பார்கள்.

கட்டிடம் பிறகு வரட்டும், பாடசாலை மண்டபமே தொடங்கப் போதும். முதலில் பார்க்கவேண்டியது அண்ணாவியாரின் சம்பளம். விழா மேடையில் பொன்னாடை போர்த்தி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கணித ஆசிரியருக்குத் தனியார் வகுப்பில் கொடுப்பதைப் போல வகுப்புக்கு இவ்வளவு என்று பேசி, மாத முடிவில் கையில் கொடுக்கவேண்டும். மத்தளத்துக்குத் தோல் மாற்றும் செலவையும் அந்தக் கணக்கிலேயே எழுதவேண்டும்.