எழுத்தின் காலடியில் ஓர் எண்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் நடந்தால் மிளகும் சுக்கும் ஏலமும் இன்றும் மூக்கைத் துளைக்கும். ஆனால் மிளகு இப்போது மூட்டையாக மட்டும் கப்பலேறுவதில்லை. கொச்சியைச் சுற்றியுள்ள ஆலைகளில் அதன் சத்தைப் பிரித்து ஓலியோரெசினாக அனுப்புகிறார்கள். கூடவே ஓர் ஆய்வறிக்கையும் போகும். பைபரின் எத்தனை விழுக்காடு என்பதுதான் வாங்குபவர் அதில் முதலில் தேடும் வரி. மிளகின் காரத்துக்குக் காரணமான பைபரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். பைபரின் மூலக்கூறில் கார்பன் 17, ஹைட்ரஜன் 19, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3. வாய்ப்பாடாக எழுதும்போது 17, 19, 3 ஆகிய எண்கள் எழுத்தின் காலடியில் சிறியதாக நிற்க வேண்டும். அந்த எண்களை அங்கே நிறுத்துவதற்கு அச்சுத்தொழில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இதைப் பேசக் கொச்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பேன். 1579இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ இங்கேதான் அச்சாயிற்று. தமிழ் எழுத்துகளைத் தனித்தனி அச்சாக வார்த்துக் கோத்த நூல் அது. நூறாண்டு கழித்து, கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. மிளகுக்கொடியும் அதில் உண்டு. அந்த அச்சகத்தில் மலையாள அச்செழுத்து இல்லை. ஆகவே செடியின் மலையாளப் பெயரை, செடியின் படத்தோடு சேர்த்தே செம்புத் தகட்டில் செதுக்கினார்கள். கோத்த எழுத்தைக் கலைத்து வேறு பக்கத்துக்குக் கோக்கலாம். செதுக்கிய எழுத்து படமாகவே கிடக்கும். வேதியியல் வாய்ப்பாடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வெகுகாலம் அல்லாடியது.

தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு தந்த பெர்சீலியஸ், 1814 வாக்கில் எண்ணை எழுத்தின் தலைமேல் வைத்தார். பின்னாளில் அது காலடிக்கு இறங்கியது. அச்சுக் கோக்கும் கம்போசிட்டருக்கு இரண்டுமே தொல்லைதான். எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து 10 பாயிண்ட் எழுத்தை எடுத்து, கையிலுள்ள ஸ்டிக் என்ற கோப்புச் சட்டத்தில் வைப்பார். கீழ் எண்ணுக்கென்றே வார்த்த அச்சு இல்லாவிட்டால், 6 பாயிண்ட் எண்ணை வைத்து அதன் தலைக்கு மேல் 4 பாயிண்ட் தகட்டைச் சொருகி உயரத்தைச் சமன்செய்ய வேண்டும். கந்தக அமிலத்துக்கு இரண்டு இடத்தில் இந்த வேலை. அலுமினியம் சல்பேட்டுக்கு மூன்று இடத்தில். தகடு நழுவினால் எண் ஆடும். தட்டச்சு எந்திரத்தில் உருளையை அரை வரி திருப்பி எண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி திருப்பிக்கொள்வார்கள்.

கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வந்தபோது தமிழுக்கும் மலையாளத்துக்கும் புதுத் தலைவலி. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. கோபால்ட்டையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துக் காட்டுவதோ அந்த வேறுபாடு ஒன்றுதான். அதனால் பாடநூல்கள் குறியீடுகளை ரோமன் எழுத்திலேயே வைத்துக்கொண்டன. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் குடியிருந்தன. எச் தட்டினால் ஏதோ ஒரு தமிழெழுத்து வந்து நிற்கும். எழுத்துருவை மாற்று, தட்டு, எண்ணைத் தேர்ந்து கீழே இறக்கு, திரும்பவும் தமிழ் எழுத்துருவுக்கு வா. நீரின் ஒரு வாய்ப்பாட்டுக்கே இத்தனை. யூனிகோடு பரவிய பிறகுதான் எழுத்துருத் தொல்லை தீர்ந்தது.

எண்ணின் தொல்லை தீரவில்லை. சல்பேட் அயனியில் ஆக்சிஜனின் காலடியில் 4, தலைமேல் மின்னூட்டமாக 2 கழித்தல். வேர்டில் அழகாகப் போட்டு, சாதா உரை எடிட்டரில் ஒட்டினால் அலங்காரம் உதிர்ந்து 4உம் 2உம் சேர்ந்து 42 ஆகிவிடும். மாணவர் அதை எப்படிப் படிப்பார்? இதற்குப் பயந்துதான் பலரும் வாய்ப்பாட்டைப் படமாக்கி ஒட்டினார்கள். மறுபடியும் செம்புத் தகடு.

விடை சாதா உரையிலிருந்தே வந்தது. டொனால்ட் க்னூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் 1978இல் பிறந்தது. அதில் வேதியியல் எழுத உதவும் மார்ட்டின் ஹென்சலின் எம்எச்கெம் என்ற துணைத்தொகுப்பு 2004 முதல் இருக்கிறது. அதன் கட்டளை இவ்வளவுதான்: பின்சாய்கோடு, சிஇ, நெளிவு அடைப்புக்குறி. உள்ளே வாய்ப்பாட்டை நேர் வரியில் தட்டினால் போதும். எழுத்தை அடுத்து வரும் எண்ணை அது தானே கீழே இறக்கும். முன்னால் நிற்கும் எண்ணை மூலக்கூறுகளின் எண்ணிக்கை என்று அறிந்து வரியிலேயே விடும். கழித்தல் குறியும் பெரிது குறியும் சேர்ந்தால் வினை அம்பு. மின்னூட்டத்துக்கு முன் ஒரு கூரைக்குறி போட்டால், 4உம் 2உம் ஒருநாளும் ஒட்டாது. கணினியில் தங்குவது வெறும் எழுத்து. கலைக்கலாம், திருத்தலாம், தேடலாம். இன்று மார்க்டவுன் எடிட்டர்கள் பலவும் இதே எழுத்துமுறையை ஏற்கின்றன.

கேரளத்துக்கு இதில் பெருமைப்பட உரிமை உண்டு. சி.வி. ராதாகிருஷ்ணன் உள்ளிட்டோர் முன்னெடுத்த இந்திய டெக் பயனர் குழு 1998இல் உருவானது. 2002இல் உலக டெக் மாநாடு திருவனந்தபுரத்தில் நடந்தது. வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் அங்கேயும் சென்னையிலும்தான் கோக்கப்படுகின்றன. பைபரினின் வளையங்களை உரையிலிருந்தே வரையவும் கெம்ஃபிக் போன்ற கருவிகள் உண்டு. அவை கொஞ்சம் கடினம்தான், பொறுமை வேண்டும்.

ஊரார் இதழ்களுக்கெல்லாம் சீராகக் கோத்துத் தரும் நாம், நம் பிள்ளைகளின் வினாத்தாளில் இன்னும் மங்கலான படத்தை ஒட்டுவது சரியில்லை. பார்வையற்ற மாணவரின் கணினி அந்தப் படத்தை வாசித்துச் சொல்லாது. தமிழிலும் மலையாளத்திலும் வேதியியல் எழுதும் ஆசிரியர்களே, வாய்ப்பாட்டை எழுத்தாகவே எழுதுங்கள். இந்த முறையைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.